தெற்குப் பக்கத்துக் கதவு

டனிலா உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் உங்களைப் பார்க்க மாட்டாள், உங்கள் கூரையைத்தான் பார்ப்பாள். "வா, உள்ள வா, காப்பி போடுறேன்" என்று நீங்கள் உபசரித்துக்கொண்டிருப்பீர்கள். அவள் பாட்டுக்கு முற்றத்தின் நடுவில் இடுப்பில் கையை ஊன்றி நின்று, முகட்டிலிருந்து இறவாரம் வரைக்கும் ஒவ்வொரு ஓடாகக் கண்ணால் தடவிக்கொண்டு வருவாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாள். திறந்தால் நல்ல வார்த்தை வராது.

"அந்த மூலையில இருந்த கல்லு எங்க? தின்னுட்டியா?"

"பூனை தள்ளி விட்டிருச்சு போல, டனிலா."

"பூனையா? கல்லத் தள்ளுற அளவுக்கு அதுக்குத் தெம்பு இருந்தா அதைக் கூரையேத்தி வேலைக்கு வச்சுக்கோ. நீ கீழ உக்காந்து பாலக் குடி."

ஒவ்வொரு அக்டோபரிலும் எங்கள் ஊரில் நடக்கிற கூத்து இது. திராட்சை அறுப்பு முடிந்து, புது ஒயின் பீப்பாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் நேரம். அப்பாடா என்று நாங்கள் உட்காரும்போதுதான் அவள் கிளம்புவாள். மதுக்கடை வாசலில் கிடக்கும் பெஞ்சுகளைச் சங்கிலியால் கட்டச் சொல்வாள். மளிகைக் கடைக்காரன் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். குப்பைத் தொட்டி, பூந்தொட்டி, பிள்ளைகளின் ஊஞ்சல், பாதிரியாரின் சைக்கிள், எதையும் விட மாட்டாள். பட்டுப்போன கிளையை வெட்டு, தளர்ந்த ஓட்டைக் கம்பி போட்டுக் கட்டு, கார் மூக்கு மலையைப் பார்க்கிற மாதிரி நிறுத்து. கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் செய்துவிடுவார்கள். செய்யாவிட்டால் மறுநாளும் வருவாளே!

எங்கள் விப்பாவா பள்ளத்தாக்கில் காற்று என்றால் புர்யா ஒன்றுதான். வடகிழக்கே நிற்கும் மலையின் தலையில் வெள்ளை மேகம் தொப்பி போட்டு உட்கார்ந்தால் புர்யா இறங்கப்போகிறது என்று அர்த்தம். இறங்கினால் நெடுஞ்சாலையில் பாரவண்டிகளைக் குப்புறத் தள்ளும். காவல்காரர்கள் சாலையை மூடிவிட்டு வண்டிக்குள் சுருண்டு உட்கார்ந்துகொள்வார்கள். அதற்குப் பயந்துதான் எங்கள் வீடுகளெல்லாம் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. வடக்குச் சுவரில் சன்னல் வைக்க மாட்டோம், வைத்தாலும் ஒரு ரொட்டி நுழைகிற அளவுக்குத்தான். வாசல், சன்னல், திராட்சைப் பந்தல் எல்லாம் தெற்கே பார்த்தபடி. ஓட்டின்மேல் கல் அடுக்குவதும் அப்படித்தான், வடக்குச் சரிவில் நெருக்கமாக, தெற்குச் சரிவில் பேருக்கு நாலு. மற்ற திசைகளிலிருந்து வருவதை நாங்கள் காற்றிலேயே சேர்ப்பதில்லை.

டனிலா இப்படிப் பிறக்கவில்லை. பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் காற்று அவ்வளவாக எட்டாத ஊரில் பிறந்து, வோய்கோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். பழச்சாறு ஆலையில் புட்டிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். ஆலையை இழுத்து மூடினபோது மற்றவர்கள் வாசலில் நின்று அழுதார்கள். டனிலா மறுநாளே உப்பு மூட்டையோடு வந்து இறங்கினாள். வீட்டை ஒட்டி மாமனார் காலத்துக் கல் களஞ்சியம் ஒன்று சும்மா கிடந்தது. அதில் பன்றித் தொடைகளை உப்புக்கண்டம் போடத் தொடங்கினாள். நாங்கள் பர்ஷுட் என்போம். ஜனவரிக் குளிரில் உப்பில் புதைத்து, கல்லை வைத்து அழுத்தி, கீழ்க்கூடத்திலிருந்து ஓர் அகலமான பொந்து வழியாக மேல்மாடிக்குக் கயிறு கட்டி ஏற்றித் தொங்கவிடுவார்கள். வடக்குச் சுவரில் சின்னச் சின்னச் சாளரங்கள். புர்யா சாதுவாக இருக்கும் நாளில் அவற்றைத் திறந்துவிட்டால் அந்த வறண்ட குளிர் காற்று உள்ளே புகுந்து தொடைகளைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு வருஷத்துக்கு மேல் தொங்கினபிறகு இறக்கி, மெல்லிசாகச் சீவி வாயில் போட்டால்... சரி, அதைப் பேசினால் வேலை நடக்காது.

ஆக, அவளுக்குச் சோறு போட்டதும் அந்தக் காற்றுதான், அடித்ததும் அதுதான்.

அந்தப் பிப்ரவரியை ஊரில் யாரும் மறக்கவில்லை. புர்யா விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. களஞ்சியத்துக்கு வடக்கே சிரில் என்பவனின் டயர் கடையும் அவன் லாரி நிற்கும் கொட்டகையும் இருக்கின்றன. அவன் கொட்டகைத் தகரம் ஒன்று ஆணியைப் பிடுங்கிக்கொண்டு பறந்து வந்து டனிலாவின் களஞ்சிய முகட்டு ஓடுகளில் விழுந்தது. ஓட்டை சின்னதுதான். ஆனால் புர்யாவுக்கு அது போதாதா? அதன் வழியே நுழைந்து ஓடுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி உரித்துக்கொண்டே போனது. வோய்கோ கயிற்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறினான். "ஏறாத, போனாப் போகுது" என்று டனிலா கத்தினது காற்றில் யாருக்குக் கேட்டது? அவனையும் தூக்கிப் போட்டது. இடுப்பு எலும்பு முறிந்து முற்றத்தில் கிடந்தான். தொங்கிக்கொண்டிருந்த தொடைகளெல்லாம் ஓட்டுத்தூளும் மண்ணும் அப்பி, குழி வெட்டிப் புதைக்க வேண்டியதாகப் போயிற்று.

வோய்கோ கைத்தடியோடு வீடு திரும்பினான். அதுவரைக்கும் ஊரிலேயே அதிகம் சிரிக்கிறவன் அவன். அதன்பிறகு, காற்று ஊளையிடத் தொடங்கினால் அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தடியை இறுக்கிக்கொள்வான். மகள் நெவென்கா கடற்கரையில், கோப்பர் நகரத்தில், அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்கு ஓர் அறை காலியாகத்தான் இருந்தது.

"போயிரலாம், டனிலா. அங்க லிப்ட் இருக்கு. கடல் இருக்கு. பேத்தி இருக்கா. இங்க என்ன இருக்கு? வருஷா வருஷம் நம்ம தலையில கை வைக்கிறதுக்கு ஒரு காத்து இருக்கு."

டனிலா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைக்காமல் திரும்பினாள்.

"இங்க பாரு வோய்கோ. அந்தக் கூரைய நான் திரும்பப் போடுவேன். இன்னொரு தடவை அது போச்சுன்னா, வாயத் திறக்காம பெட்டியக் கட்டிட்டு உன்கூட கோப்பருக்கு வரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா. நெவென்கா மேல."

"அவள ஏன் இழுக்குற? உன்மேலயே பண்ணு."

"சரி, என்மேல."

இந்தச் சத்தியம் எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மதுக்கடையில் அதைப்பற்றிப் பந்தயம்கூடக் கட்டினார்கள், வெட்கங்கெட்ட ஜனங்கள்.

டனிலா கூரையைப் போட்டாள். கைமரத்துக்குப் புது மரம், ஒவ்வொரு ஓட்டுக்கும் கம்பிக் கட்டு, வடக்குச் சரிவில் ஆற்றிலிருந்து பொறுக்கிக் கொண்டுவந்த தட்டைக் கற்கள். அது முடிந்ததும் நேராக சிரிலின் டயர் கடைக்குப் போனாள்.

"உன் தகரத்த அவுத்துட்டு ஒழுங்கா வேற கூரை போடு."

சிரிலுக்குச் சுருக்கென்று வந்தது. "உன் கூரை உன் பாடு, டனிலா. என் கொட்டகையில உனக்கென்ன வேலை?"

"என் கூரை எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு? என் வீட்டு மேல இல்ல. உன் கொட்டகை மேல இருக்கு. உன் தகரம் நின்னாத்தான் என் ஓடு நிக்கும்."

"வசந்தம் வரட்டும், பாக்கலாம்."

"பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, அங்கே அடுக்கியிருந்த டயர்களின்மேல் ஏறிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள். பையிலிருந்து ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டயர் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் முகம் மலரப் பேசினாள். "வாங்க, வாங்க. நல்ல வேலைக்காரன். என் புருஷன் இடுப்ப உடைச்ச தகரம் இவரோடதுதான். மீதித் தகரமெல்லாம் அதோ மேல தயாரா இருக்கு, நிமிந்து பாருங்க." வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு தங்கள் வண்டியைப் பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சிரில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"எறங்கித் தொலை. ஏணியப் பிடிக்கவாவது செய்" என்றான்.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. தன் வீட்டை மட்டும் கட்டிக் காத்துப் பிரயோசனமில்லை, ஊர் முழுவதையும் கட்ட வேண்டும். அதிலிருந்துதான் அந்த அக்டோபர் ஊர்வலம். 'கல்லு டனிலா' என்று பெயர் வைத்தோம். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

குளிர்காலங்கள் வந்தன, போயின. புர்யா வந்து மோதும்போதெல்லாம் டனிலா முற்றத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கூரையைப் பார்ப்பாள். கூரை நிற்கும். உள்ளே வந்து வோய்கோவுக்கு ஒரு கிண்ணம் யோட்டா சூப் ஊற்றி வைப்பாள். அவன் புளித்த முட்டைக்கோஸைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, "நிக்குதா?" என்பான். "நிக்குது" என்பாள். அவன் பெருமூச்சு விடுவான். அது நிம்மதிப் பெருமூச்சா, ஏமாற்றமா என்று அவளால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கேட்கவும் அவளுக்குப் பயம். ஊரையே மிரட்டுகிறவளுக்கு அந்த ஒரு கேள்விக்கு நாக்கு வராது. தன் பிடிவாதத்துக்காக ஒரு நொண்டி மனுஷனைக் காற்றடியில் போட்டு வைத்திருக்கிறோமே என்ற நினைப்பு அடிக்கடி வரும். அப்போதெல்லாம் கூரையில் இன்னும் ஒரு கல்லை ஏற்றுவாள், வேறென்ன செய்ய?

வடக்குச் சாளரங்களையும் அவள் விடவில்லை. கருவாலிப் பலகைக் கதவுகள் போட்டாள். போன குளிர்காலம் முடிந்ததும், இனி அடுத்த குளிர்வரை திறக்க வேண்டியதில்லை என்று அதற்குமேல் இரும்புப் பட்டை வைத்துத் திருகாணிகளை முறுக்கினாள். "யானை வந்தாலும் திறக்காது" என்று வோய்கோவிடம் பெருமையடித்துக்கொண்டாள். அதே களஞ்சியத்தின் தெற்குப் பக்கத்தில் வண்டி நுழைகிற அளவுக்கு இரட்டைக் கதவு. அதற்கு இருந்ததெல்லாம் மாமனார் காலத்துத் துருப்பிடித்த கொக்கிகள்தான். அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

பார்த்தவன் ஒருவன் உண்டு. நெவென்காவின் கணவன் எவ்கென். கிழக்கே சமவெளிக்காரன். அங்கே காற்று எந்தப் பக்கமிருந்தும் வருமாம், பாவம், அவர்களுக்கு முதுகைக் காட்ட மலையே கிடையாது. ஈஸ்டர் விருந்துக்கு வந்தவன், வேகவைத்த ஹாமும் குதிரைமுள்ளங்கியும் ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் காலாறக் களஞ்சியத்தைச் சுற்றி வந்தான். வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அத்தை, வடக்கப் பாத்தா கோட்டை மாதிரி இருக்கு. தெக்கால ஒண்ணுமே இல்லையே. அந்தப் பக்கம் இருந்து காத்து வந்தா?"

மேசையில் எல்லோரும் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! விருந்துக்கு வந்திருந்த சிரிலுக்குப் புரையேறிவிட்டது.

"மாப்பிள்ள, தெக்க இருந்து வர்றது காத்து இல்ல, கொட்டாவி" என்றாள் டனிலா. "நீங்க இன்னொரு துண்டு சாப்பிடுங்க. பசியில தலை சுத்துது உங்களுக்கு."

வோய்கோகூடச் சிரித்தான். எவ்கென் காது சிவக்கச் சாப்பிட்டான். அதற்குப்பிறகு எங்கள் ஊரில் யாராவது கொட்டாவி விட்டால், "சமவெளி மாப்பிள்ளையக் கூப்பிடு, கூரையப் பிடிக்கட்டும்" என்பது வழக்கமாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை வந்தது. பீச் பழங்கள் கிளையிலேயே வெந்துவிடும் போன்ற வெயில். ஓர் இலை அசையவில்லை. டனிலா கீழ்க்கூடத்தில் தெற்குக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வெளிச்சுவரோடு கொக்கி மாட்டி வைத்துவிட்டு, தொடைகளின் வெட்டுவாயில் பன்றிக் கொழுப்பும் மாவும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். போன வருஷம் உப்பிட்ட கண்டங்கள் எல்லாம் மேலே நிறைந்து தொங்கின. இலையுதிர் காலத்தில் இறக்கிவிடலாம் என்ற பதம். வோய்கோ பந்தலடியில் பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சாய்ந்ததும் தென்மேற்கே, கடல் பக்கம், வானம் கறுத்தது. வோய்கோதான் முதலில் பார்த்தான்.

"டனிலா, மழை வருது."

"வரட்டும். தக்காளி வாடிப்போய்க் கிடக்கு."

"ஒரு மாதிரி பச்சையா இருக்கு வானம்."

"கொட்டாவியா இருக்கும்" என்றாள் அவள், கொழுப்பிலிருந்து கையை எடுக்காமல். அவ்வளவுதான் சொன்னாள். அவள் நிலையில் நாங்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

முதல் அடியிலேயே திராட்சைப் பந்தல் முறிந்தது. வோய்கோவின் பட்டாணிக் கிண்ணம் முற்றத்தின் குறுக்கே பறந்தது. இரண்டாவது அடியில் துருப்பிடித்த கொக்கி ஒன்று அறுந்து, இடப்பக்கக் கதவு வீசியடித்துத் திரும்பி, கீலோடு பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்து விழுந்தது. டனிலா ஓடிப்போய் மிஞ்சியிருந்த வலப்பக்கக் கதவை இழுத்து மூடி, பின்னாலிருந்து தோளைக் கொடுத்து நின்றாள். பாதி வாசல் அடைந்தது. மீதிப் பாதி வழியாகக் காற்று வெள்ளம் போல உள்ளே வந்தது. வந்தது கூடத்தில் நிற்கவில்லை. அகலப் பொந்து வழியாக நேரே மாடிக்கு ஏறியது.

அப்போது மேலே அந்தச் சத்தம் கேட்டது. கைமரங்கள் முனகுகிற சத்தம். அந்தப் பழைய பிப்ரவரியில் கேட்டது, மறக்க முடியாதது. டனிலா அண்ணாந்து பொந்து வழியே பார்த்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. கூரை எழும்பி உட்கார்ந்தது. மறுபடி எழும்பியது. வடக்குச் சரிவில் அவள் பார்த்துப் பார்த்து அடுக்கின கற்கள் எல்லாம் தடதடவென்று ஆடின.

அவளுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று. காற்று உள்ளே வந்துவிட்டது, வெளியே போக வழியில்லை. வழி இருந்தது, வடக்குச் சுவர் நெடுக இருந்தது. அத்தனையையும் இரும்புப் பட்டை வைத்து முறுக்கி மூடினது அவள் கைதான். யானை வந்தாலும் திறக்காது!

"சிரில்!" என்று அலறினாள். "சிரில்! லாரி! லாரியக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்து!"

சிரிலுக்குக் கேட்டதோ, அவனே பார்த்துவிட்டானோ, கொட்டகையிலிருந்து லாரி உறுமியது. ஆனால் அவன் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சந்தில் முறிந்த கிளை கிடந்தது. டனிலாவால் கதவை விட முடியவில்லை. விட்டால் அந்தக் கதவும் போகும், முழு வாசலும் திறந்துகொள்ளும். விடாவிட்டால் மேலே சாளரங்களை யார் திறப்பது? கால் வழுக்கியது. கையெல்லாம் கொழுப்பு. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

உடைந்த வாசல் வழியாக வோய்கோ உள்ளே வந்தான். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தான். சுவரில் சாத்தியிருந்த கடப்பாறையை எடுத்தான். கைத்தடியைக் கீழே போட்டான்.

"வோய்கோ! என்ன பண்ற? வெளிய போ!"

அவன் படியில் கால் வைத்தான். நல்ல காலை முதலில், பிறகு கெட்ட காலை இழுத்து. விழுந்ததிலிருந்து அவன் ஒரு ஏணியில்கூட ஏறினது கிடையாது.

"மேல போகாத! கூரை வரப்போகுது! வோய்கோ, உன்னக் கும்பிடுறேன், எறங்கு! போனாப் போகுது!"

"வாய மூடிக்கிட்டுக் கதவப் பிடி!" என்றான் அவன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் அப்படி அவன் பேசியதில்லை.

அவன் மேலே மறைந்தான். டனிலா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு நின்றாள். மேலே இரும்பில் இரும்பு மோதியது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மோதியது. நடுவே அவன் குரல் காற்றையும் மீறிக்கொண்டு வந்தது.

"பாவி! எத்தன திருகாணிடி போட்டு வச்சிருக்க! ராட்சசி!"

பலகை பிளந்தது. ஒரு சாளரம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது பிளந்தபோது டனிலாவுக்குத் தோளில் வித்தியாசம் தெரிந்தது. உள்ளே அடைத்துக்கொண்டிருந்த காற்று வடக்கே வழி கண்டுகொண்டு சீறிக்கொண்டு வெளியேறியது. வெளிச்சக் கோடு மெலிந்தது, மறைந்தது. கூரை தன் எடையெல்லாம் சேர்த்துச் சுவரில் தொப்பென்று உட்கார்ந்தது. தெற்கு இறவாரத்தில் மட்டும் சில ஓடுகள் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அதற்குள் சிரிலின் லாரி பின்னோக்கி வந்து வாசலை அடைத்து நின்றது. காற்று லாரியின் வயிற்றில் மோதி ஊளையிட்டது. அப்புறம் மழை கொட்டியது, கல்மழை கொஞ்சம், வெறும் மழை நிறைய. வந்த வேகத்திலேயே புயல் மலைப் பக்கம் போய்விட்டது.

டனிலா கதவை விட்டாள். விரல்கள் விரிய மறுத்தன. படியேறினாள்.

வோய்கோ தொங்கும் தொடைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தான். கெட்ட கால் நீண்டு கிடந்தது. மடியில் கடப்பாறை. புறங்கையில் ரத்தம். முகம் வெளிறிப்போயிருந்தது, ஆனால் கண்ணில் பழைய வோய்கோ இருந்தான். அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவன் கையைத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணியால் அழுத்திச் சுற்றினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும்தான்.

"யார் உன்ன மேல வரச் சொன்னது? செத்துப்போயிருந்தா?"

"சாகலையே."

"பேசாம பெஞ்சுல உக்காந்திருந்தாப் போதுமே வோய்கோ. கூரை தானாப் போயிருக்கும். நீ கேட்டது கெடைச்சிருக்கும். நான் வாயே திறந்திருக்க மாட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

வோய்கோ கடப்பாறையை மடியிலிருந்து தள்ளி வைத்தான். "படியில கால் வைக்கிற வரைக்கும் அதைத்தான் நெனச்சேன், பொய் சொல்லல. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கோப்பர்ல அடுக்குமாடி. எல்லாம் மொட்டைமாடி. ஒரு ஓடு கெடையாது, ஒரு கல்லு கெடையாது. காலையில எந்திரிச்சு நீ யார் கூரையப் பாத்துச் சண்ட போடுவ? என்னையத்தான் பிடிப்ப. அந்தக் காத்த என்னால தாங்க முடியாதும்மா."

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அது அவள் வழக்கமாயிற்றே. தெற்கு ஓரத்தில் ஓடுகள் போன இடத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. கழுவிவிட்ட மாதிரி நீல வானம் தெரிந்தது. ஓரத்து வரிசைத் தொடைகள் நனைந்து சொட்டின. ஊரில் மற்றவர்களின் கூரையைப் பார்த்து டனிலா ஒருநாளும் பொய் சொன்னதில்லை. தன் கூரைக்கு மட்டும் எப்படிச் சொல்லுவாள்?

"வோய்கோ. அங்க பாரு. கூரை போயிருக்கு. சத்தியம் பண்ணியிருக்கேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். பெட்டியக் கட்டறேன்."

வோய்கோ அண்ணாந்தான். ஓட்டை அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. சட்டத்திலிருந்து சொட்டின தண்ணீர் அவன் தொப்பி விளிம்பில் டொக் டொக்கென்று விழுந்தது.

"எங்க?"

"அதோ. உன் தலைக்கு மேல."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"விளையாடாத. வானம் தெரியுது பாரு."

"கண்ணு மங்கிப்போச்சு, டனிலா. வயசாகுதில்ல?" என்றான் அவன், தொப்பியிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

கீழே லாரிக் கதவு திறந்தது. சிரில் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டான். சத்தியத்தைப் பற்றி ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? அதனால்தான் அவன் குரல் வழக்கம்போல் இல்லாமல் பம்மிக்கொண்டு வந்தது.

"டனிலா... கூரை இருக்கா?"

டனிலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வோய்கோ துணி சுற்றிய கையால் அவள் வாயைப் பொத்தினான். தலைக்கு மேலே திறந்து கிடந்த அந்த ஓட்டையைப் பார்த்தே முகத்தைத் தூக்கி, பள்ளத்தாக்குக்கே கேட்கிற மாதிரி கத்தினான்:

"இருக்குடா! சும்மா நிக்காம போய்க் கல்லு கொண்டா. தெக்குப் பக்கத்துக்கு!"